துவாஸ் டார்மிட்டரில ஷேர் சைக்கிள்: யார் எடுத்தாங்க, எதுக்கு எடுத்தாங்க (நிகழ்வு ஆய்வு)

இடமும் ஆளுங்களும்

சிங்கப்பூரோட மேற்குக் கோடி துவாஸ். கப்பல் பட்டறை, கெமிக்கல் கம்பெனி, கன்டெய்னர் யார்டு, அதுக்கு நடுவுல வெளிநாட்டு ஊழியருங்க தங்கற பெரிய பெரிய டார்மிட்டரி. இதுல வர்றவங்க எல்லாரும் அப்படி ஒரு டார்மிட்டரில இருந்த கட்டுமான வேலைக்காரங்க, முக்கால்வாசி பேர் புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரம், பட்டுக்கோட்டைப் பக்கம், மிச்சம் பங்களாதேஷ் ஆளுங்க. நான் அவங்க கம்பெனில வெல்ஃபேரும் லாரி டைமிங்கும் பாத்துக்கிட்டு இருந்தேன். அவங்களுக்கு மூணு மாசம் ஷேர் சைக்கிள் (ஆப் வச்சு வாடகைக்கு எடுத்து, ஓட்டிட்டு, குறிச்ச எடத்துல விட்டுட்டுப் போற வண்டி) பாஸ் கொடுத்துப் பாத்தோம், அதோட கதை இது. பேர் எதுவும் போடல, ஆள அடையாளம் தெரியற மாதிரி விவரங்களையும் விட்டிருக்கேன்.

கிழக்கு-மேற்கு எம்ஆர்டி பாதைய 2017 ஜூன்லதான் துவாஸ் லிங்க் வரைக்கும் நீட்டினாங்க, அதுக்கு முன்னாடி ஜூ கூன்ல எறங்கி பஸ் பிடிச்சாதான் இந்தப் பக்கம் வரமுடியும். ரயில் வந்ததும் எல்லாம் சரியாப் போச்சுன்னு வெளிய இருக்கறவங்க நெனப்பாங்க, ஆனா எங்க டார்மிட்டரி வாசல்லேர்ந்து ஸ்டேஷனுக்கு நடந்தா அரை மணி நேரத்துக்கு மேல ஆகும், பஸ் இருக்கு, ஞாயித்துக்கிழமை காலையில அந்த பஸ்ஸுக்கு நிக்கற வரிசையப் பாத்தா நடந்தே போயிடலாம்னு தோணும். வேலைக்கு கம்பெனி லாரி வரும். சொந்த வேலைக்கு லாரி கிடையாது.

அதனால ரொம்ப வருஷமா அங்க செகண்ட் ஹேண்ட் சைக்கிள்தான். ஊருக்குப் போறவன் அடுத்தவனுக்கு வித்துட்டுப் போவான், விக்க முடியலன்னா அப்படியே விட்டுட்டுப் போவான். செயின் துருப்பிடிச்சு, சீட் இல்லாம, யாரோடதுன்னே தெரியாத வண்டிங்க சுவத்தோரமா மலையா குவிஞ்சு கிடக்கும். திருட்டும் உண்டு, அத யாரும் திருட்டுன்னு சொல்ல மாட்டாங்க, 'எடுத்துட்டுப் போயிட்டான்'னுதான் சொல்வாங்க.

ஆரம்பிச்ச காரணம்

2023ல டார்மிட்டரி நிர்வாகம் ஒரு நோட்டீஸ் ஒட்டினாங்க, பதிஞ்சு டேக் வாங்காத சைக்கிள எல்லாம் குறிப்பிட்ட தேதிக்குள்ள எடுக்கலன்னா அள்ளிடுவோம்னு. சொன்னபடி அள்ளவும் செஞ்சாங்க. பாதி பேருக்கு வண்டி போச்சு. கிட்டத்தட்ட அதே சமயத்துல கேட்டுக்கு வெளிய நடைபாதை ஓரமா சைக்கிள் நிறுத்தறதுக்குப் போட்டிருந்த மஞ்சள் கட்டத்துல ஷேர் சைக்கிள் வந்து நிக்க ஆரம்பிச்சுது.

எங்க பக்கத்துல ஒரு கவலை இருந்துச்சு. ராத்திரி ஓடி (ஓவர்டைம்) முடிச்சு லாரிய விட்டவங்க டிரெய்லர் ஓடற ரோட்டோரமா இருட்டுல நடந்து வர்றாங்க, இல்லன்னா லைட் பிரேக் எதுவும் இல்லாத பழைய சைக்கிள்ல ரோட்டுலயே வர்றாங்க. ஷேர் சைக்கிள்ல லைட் இருக்கு, பிரேக் பிடிக்கும், நடைபாதையில மெதுவா ஓட்டிக்கிட்டு வந்துடலாம். (அங்க நடைபாதைல 10 கிலோமீட்டர் வேகம்தான், ரோட்டுல ஓட்டினா ஹெல்மெட் கட்டாயம், ரெண்டுமே 2019 பிப்ரவரிலேர்ந்து.) ராத்திரி கூட ஒரு லாரி ட்ரிப் போடறதவிட ஆளுங்களுக்கு முப்பது நாள் பாஸ் வாங்கிக் கொடுக்கறது செலவு கம்மின்னு கணக்கு காட்டினதும் மேல ஒத்துக்கிட்டாங்க. விருப்பப்பட்டவங்களுக்கு மட்டும், மூணு மாசத்துக்கு.

பாஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி கிச்சன்ல சமைக்கற நேரமாப் பாத்து எதுக்கு ஷேர் சைக்கிள் எடுப்பீங்கன்னு கேட்டோம். எல்லாரும் ஒரே பதில், 'காசு மிச்சம்ணே.' ரெண்டு பேர் உடம்புக்கு நல்லதுன்னாங்க, பின்னாடி இருந்து ஒருத்தர் 'நாள் பூரா கம்பி தூக்கறது பத்தலையாடா'ன்னதும் கிச்சனே சிரிச்சுது. சுற்றுச்சூழல்னு ஒருத்தர்கூட சொல்லல.

முதல் மாசம் பாத்தது

காசுதான் காரணம்னா யாருக்கு கடன் அதிகமோ, யார் ஏஜென்ட் காசு இன்னும் கட்டிக்கிட்டு இருக்காங்களோ, அவங்கதான் அதிகமா எடுக்கணும். அப்படி நடக்கல. ரொம்ப இறுக்கிப் பிடிக்கறவங்க இலவச பாஸ் கையில இருந்தும் நடந்துதான் போனாங்க, ஏன்னா அவங்க எங்கயுமே போகறதில்ல, ஞாயித்துக்கிழமையும் ஓடி கிடைச்சா ஓடி, இல்லன்னா தூக்கம். அதிகமா எடுத்தவங்க யாருன்னு பாத்தா ஒருத்தருக்கொருத்தர் சம்பந்தமே இல்லாத ஆளுங்க. மூணு பேர மட்டும் சொல்றேன், ரெண்டு பேர் எடுத்தவங்க, ஒருத்தர் எடுக்காதவர்.

முதல் ஆள் சின்னப் பையன், எலக்ட்ரீஷியன், அப்பதான் நிச்சயம் ஆகியிருந்துச்சு. ரூம்ல பன்னெண்டு பேர், ரெண்டடுக்கு கட்டில், மேல படுத்திருக்கறவன் திரும்பிப் படுத்தா கீழ இருக்கறவனுக்குத் தெரியும். அங்க உக்காந்து பேச முடியுமா. வேலை முடிஞ்சு குளிச்சதும் ஒரு சைக்கிள எடுத்துக்கிட்டு கால்வாய் ஓரம் இருக்கற இன்னொரு மஞ்சள் கட்டம் வரைக்கும் போவான், அங்க பூட்டி ஸ்கேன் பண்ணிட்டு மரத்தடில உக்காந்து பேசுவான், திரும்ப இன்னொண்ண எடுத்துக்கிட்டு வருவான். அவன் எந்த எடத்துக்கும் போறதுக்காக சைக்கிள் எடுக்கல, அந்த ரூம விட்டு வெளிய இருக்கறதுக்காக எடுத்தான். நாங்க கேட்ட கேள்விக்கு இத அவன் கிச்சன்ல எல்லார் முன்னாடியும் சொல்லுவானா?

ரெண்டாவது ஆள் கப்பல் பட்டறை சைட்ல நைட் ஷிஃப்ட். வேலை முடியற நேரத்துக்கு முதல் பஸ்ஸே வந்திருக்காது, லாரி எல்லாரும் வந்து சேந்தாதான் கிளம்பும். மத்தவங்க பஞ்ச் அடிச்சு, துணி மாத்தி, பீடி பிடிச்சு முடிக்கறதுக்குள்ள அவர் ரூம் போய் படுத்துடலாம். 'லாரியில கூப்பிட்டா ஏறணும், எறக்கிவிட்டா எறங்கணும். இது மட்டும்தாண்ணே நான் நெனச்ச எடத்துல நிக்கும்'ன்னார். எனக்கு இந்த வேலையில கேட்டதுலயே உபயோகமான வாக்கியம் அதுதான்.

மூணாவது ஆள் எடுக்காதவர். ரிக்கிங் வேலை (கிரேன்ல பாரம் கட்டித் தூக்கறது), பதினஞ்சு வருஷத்துக்கு மேல சிங்கப்பூர்ல இருக்கற மூத்த ஆள், ரூம்ல அவர் சொன்னா கேப்பாங்க. அவருக்கு இதுல நம்பிக்கையே இல்ல, அதுக்குக் காரணம் பழசு. 2017ல மூணு பெரிய கம்பெனிங்க போட்டி போட்டு ஊர் பூரா ஷேர் சைக்கிள இறக்கினாங்க, அப்ப டெபாசிட் கட்டணும், 39 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), 49 வெள்ளின்னு. அதுல ஓபைக் 2018 ஜூன்ல கடைய மூடிச்சு, அடுத்த வருஷம் ஓஃபோவோட லைசென்ஸ் போச்சு. அந்த காலத்துல ஏதோ ஒரு கம்பெனில கட்டின டெபாசிட் இவருக்குத் திரும்ப வரல. இப்ப டெபாசிட்டே கிடையாதுன்னு நாங்க எத்தன தடவ சொன்னாலும் 'கார்டு நம்பர் கேக்குதுல்ல, அப்புறம் என்ன'ன்னு முடிச்சிடுவார். அவர் ரூம்ல பாஸ் வாங்கினவங்க ரொம்பக் கம்மி. நாங்க ஒட்டின போஸ்டரவிட அவரோட பழைய 49 வெள்ளிக்கு செல்வாக்கு அதிகம்.

பாஸ் விஷயத்துல இன்னொண்ணு. அப்ப பாஸ் இல்லாம எடுத்தா அரை மணி நேரத்துக்கு 1 வெள்ளி. அந்த நேரம் ஒரு வெள்ளிக்கு அறுபது ரூபாய்க்கு மேல. புதுசா வந்தவங்க எதப் பாத்தாலும் ரூபாய்ல பெருக்குவாங்க, ஸ்டேஷனுக்குப் போக அறுபது, வர அறுபது, நூத்தி இருவது ரூபாயான்னு நின்னுடுவாங்க. பாஸ்னா மாசத்துக்கு ஒரு தடவதான் அந்த வலி. அதுக்கப்புறம் ஒவ்வொரு ட்ரிப்பும் ஓசின்னு மனசு எடுத்துக்குது, சும்மா கடைக்குப் போகக்கூட எடுக்கறாங்க. மொத்தச் செலவுல பெரிய வித்தியாசம் இல்லாத ஆளுக்கும் இதேதான், ஆக விலை எவ்வளவுங்கறதவிட அது எப்பப்ப கண்ணுல படுதுங்கறதுதான் கை நீள்றதையும் சுருங்கறதையும் முடிவு பண்ணிச்சு.

ராத்திரி தூக்கிட்டுப் போற சைக்கிள்

ரெண்டாவது மாசத்துல ஒரு புகார். கட்டத்துல வண்டியே இல்ல, ஆப்ல பாத்தா டார்மிட்டரிக்குள்ள பத்து வண்டி காட்டுதுன்னு. போய் பாத்தோம். ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னாடி, துணி காயப்போடற கம்பிக்குப் பின்னாடி, மாடிப்படிக்கு அடியில பழைய மெத்தைய போத்தி.

எப்படி உள்ள வந்துச்சுன்னு கண்டுபிடிக்க ஒரு ராத்திரி கேட் கிட்ட நின்னாலே போதுமா இருந்துச்சு. அங்க சட்டம் என்னன்னா, வண்டிய மஞ்சள் கட்டத்துக்குள்ள நிறுத்தி, பூட்டி, அங்க ஒட்டியிருக்கற கியூஆர் கோட ஸ்கேன் பண்ணணும். நிலப் போக்குவரத்து ஆணையம் 2019 தொடக்கத்துல கொண்டு வந்தது, ஸ்கேன் பண்ணலன்னா 5 வெள்ளி, ஒரு வருஷத்துல மூணு தடவ ஆச்சுன்னா எந்த கம்பெனி வண்டியும் எடுக்க முடியாம தற்காலிகமா தடை. நம்ம ஆளுங்க சட்டத்த மீறல. ஒழுங்கா கட்டத்துல நிறுத்துவாங்க, பூட்டுவாங்க, ஸ்கேன் பண்ணுவாங்க, ட்ரிப் முடிஞ்சுதுன்னு ஆப் சொல்ற வரைக்கும் நிப்பாங்க. அதுக்கப்புறம் ஒருத்தன் ஹேண்டில்பார பிடிக்க, இன்னொருத்தன் பூட்டியிருக்கற பின் சக்கரத்த தூக்க, அப்படியே உள்ள கொண்டு போயிடுவாங்க. நாள் பூரா ஸ்டீல் தூக்கறவங்களுக்கு இருவது கிலோ சைக்கிள் ஒரு விஷயமா. காலையில திரும்பத் தூக்கிட்டு வந்து வெளிய வச்சு, அன்லாக் பண்ணி, போயிடுவாங்க.

டார்மிட்டரி நிர்வாகம் இத ஒழுங்கீனமாப் பாத்துச்சு, செக்யூரிட்டிய வச்சு பிடிக்கலாம், பிடிபட்டா பாஸ ரத்து பண்ணலாம்னு பேச்சு வந்துச்சு. எங்க டீம்ல நாங்க வேற மாதிரி பாத்தோம். ஓசியா கிடைக்கற ஒரு பொருள, ராத்திரி பதினோரு மணிக்கு, தூங்கற நேரத்த விட்டுட்டு ஒருத்தன் தூக்கி ஒளிச்சு வைக்கிறான்னா அவனுக்கு அதுமேல ஆசை இல்லாம இல்ல, நாளைக்கு அது இருக்கும்ங்கற நம்பிக்கைதான் இல்ல. ஒளிச்சவங்க யார் யார்னு பட்டியல் போட்டா எல்லாரும் ஒரே மாதிரி ஆளுங்க: விடிகாலை ஷிஃப்ட், இல்லன்னா ஞாயித்துக்கிழமை முதல் ஆளா தேக்கா (லிட்டில் இந்தியா) போறவங்க. பாசிர் பாஞ்சாங் சைட்டுக்கு மாத்தின ஒருத்தர் சொன்னது, 'ஒரு நாள் வண்டி இருக்கு ஒரு நாள் இல்லன்னா நான் தினம் பஸ் நேரத்துக்குத்தானே எந்திரிக்கணும், அப்புறம் இந்த சைக்கிளால எனக்கு என்ன பிரயோஜனம்.' சரிதானே. பத்து தடவைல எட்டு தடவ வண்டி இருந்தா பேப்பர்ல அது நல்ல சேவை, அவருக்கு அது உபயோகமில்லாத சேவை.

அஞ்சு வெள்ளி

இதே மாசத்துல இன்னொரு பிரச்சனையும் வெடிச்சுது. பாஸ் வாங்கின ஒரு பிளம்பர் தன்னோட போன் நம்பர் ஓடிபிய ரூம்ல நாலஞ்சு பேருக்கு கொடுத்திருந்தார், நல்ல மனசுதான், ஒரு பாஸ்ல மாத்தி மாத்தி எல்லாரும் ஓட்டிக்கலாம்னு. அதுல ஒருத்தர் மழைக்கு ஒதுங்க பஸ் ஸ்டாப்ல பூட்டிட்டு பஸ் ஏறிட்டார். இன்னொருத்தர் போன ஸ்டேஷன்ல கியூஆர் ஸ்டிக்கர் கிழிஞ்சு கிடந்துச்சு, ரெண்டு மூணு தடவ முயற்சி பண்ணிட்டு ரயில் வந்துடும்னு விட்டுட்டார். ஓட்டினவங்களுக்கு எதுவும் தெரியல, அஞ்சஞ்சு வெள்ளியா பிளம்பர் கார்டுலேர்ந்து போச்சு, அடுத்தது ஒண்ணு நடந்ததும் அவரால எந்த வண்டியும் எடுக்க முடியல.

மொத்தம் போனது பதினஞ்சு வெள்ளிதான், நாங்க அத திருப்பிக் கொடுத்துட்டோம். ஆனா அந்தச் செய்தி ரூம் ரூமா போகப் போக ஐம்பது வெள்ளி ஆச்சு, அப்புறம் போலீஸ் லெட்டர் ஆச்சு, கடைசியா ஒர்க் பெர்மிட்டுக்கே பிரச்சனையாமேன்னு என்கிட்டயே வந்து கேட்டாங்க. அந்த வாரம் அவர் ரூமும் பக்கத்து ரூமும் சுத்தமா நிறுத்திட்டாங்க. தினம் ஒரு வெள்ளி மிச்சமாகுதுங்கறது ஆள இழுக்கற வேகமும், எப்பவோ ஒரு தடவ அஞ்சு வெள்ளி போகும்ங்கறது ஆள விரட்டற வேகமும் ஒண்ணு இல்ல. அதுலயும் வெளிநாட்டுல பெர்மிட்ல இருக்கறவனுக்கு அபராதம்னா தொகை முக்கியம் இல்ல, தன் பேர் எங்கயோ பதிவாகுதுங்கறதுதான் பயம்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

ஒளிச்சு வச்சவங்கள தண்டிக்க வேணாம்னு முடிவாச்சு. தண்டிச்சா ஒளிக்கறது நிக்கும், கூடவே ஓட்டறதும் நிக்கும், திரும்ப எல்லாரும் இருட்டுல ரோட்டோரம் நடப்பாங்க, நாங்க எதுக்கு ஆரம்பிச்சமோ அதுவே போயிடும். அதுக்கு பதிலா சைக்கிள் கம்பெனிக்கு ஒரு மெயில் போட்டோம், எந்தெந்த மணிக்கு வாசல் கட்டம் காலியாகுதுன்னு செக்யூரிட்டி எழுதி வச்ச நோட்ட போட்டோ எடுத்து சேத்து. எங்களுக்கு வேண்டியது நெறைய வண்டி இல்ல, விடிகாலை நாலரைக்கு வாசல்ல வண்டி நிக்கணும், அவ்வளவுதான்னு கேட்டோம். அவங்க ராத்திரி லாரில வண்டிகள இடம் மாத்தற ரூட்ல எங்க வாசலையும் சேக்க ஒத்துக்கிட்டாங்க, வாரத்துல எல்லா நாளும் இல்ல, முக்கால்வாசி நாள்.

அக்கவுன்ட் விஷயத்துல கொஞ்சம் கறாராவே இருந்தோம். அவங்கவங்க பேர்ல அவங்கவங்க நம்பர், அப்பதான் கம்பெனி பாஸ். காரணம் சிக்கனம் இல்ல, ஓட்டறவன் ஒருத்தன் மாட்டறவன் ஒருத்தன்னு இருந்தா எந்தச் சட்டமும் வேலை செய்யாது. ஸ்கேன் பண்றத நேர்ல காட்டணும்னு சனிக்கிழமை சாயங்காலம் கேட் கிட்ட வண்டிய வச்சு செஞ்சு காட்டினோம், சொல்லிக் கொடுத்தது நாங்க இல்ல, அந்த எலக்ட்ரீஷியன் பையன்தான். ஸ்டிக்கர் கிழிஞ்சிருந்தா என்ன பண்றது, அங்கயே கட்டமும் வண்டியும் தெரியற மாதிரி போட்டோ எடுத்து ஆப்ல புகார் போடறது, அதுவரைக்கும் எல்லாத்தையும் அவன் தமிழ்லயும் அரைகுறை பெங்காலிலயும் சொன்னான். வயசானவங்க நாலு பேர் அவன் கையப் பிடிச்சு கத்துக்கிட்டாங்க.

வாசல் கட்டத்துல நாலரைக்கு வண்டி நிக்க ஆரம்பிச்ச ரெண்டு வாரத்துல ஒளிச்சு வைக்கறது தானா கொறஞ்சுது, யாரும் எதுவும் சொல்லாமலே. லாரி வராம போன ஒரு வாரத்துல மெத்தைக்கு அடியில திரும்ப மூணு வண்டி. அப்புறம் திரும்ப வெளிய. ஏதோ வானிலை அறிக்கை மாதிரி, மாடிப்படிக்கு அடியில எட்டிப் பாத்தா அந்த வாரம் சேவை எப்படி இருந்துச்சுன்னு தெரிஞ்சுடும்.

ஞாயித்துக்கிழமை கணக்கு

இது கடைசி வரைக்கும் சரியா வரல. ஞாயித்துக்கிழமை காலையில எல்லாரும் ஒரே திசை, வாசல்லேர்ந்து ஸ்டேஷன். ஒம்பது மணிக்கு வாசல் காலி, ஸ்டேஷன்ல கட்டம் வழிஞ்சு கிடக்கும். பத்து மணிக்கு எந்திரிக்கறவனுக்கு ஒண்ணும் இல்ல.

இது எல்லா ஊர்லயும் உள்ள சிக்கல்தான். பாரிஸ்ல வெலிப்ங்கற ஷேர் சைக்கிள் சேவை ஆரம்பிச்ச புதுசுலயே எல்லாரும் மேட்டுலேர்ந்து கீழ ஓட்டிக்கிட்டு வந்துடுவாங்க, மேல ஏத்தறதுக்கு ஆள் கிடையாது, அதனால மேட்டு ஸ்டேஷன்ல கொண்டு விட்டா கூட 15 நிமிஷம் இலவசம்னு வச்சாங்க. நியூயார்க்ல 'சிட்டி பைக்'ங்கற ஷேர் சைக்கிள் சேவையில காலியா இருக்கற ஸ்டேஷனுக்கு வண்டி கொண்டு போற மெம்பருங்களுக்கு பாயின்ட், அத சேத்து இலவசப் பயணம், இன்னும் என்னென்னவோ. அத மனசுல வச்சு நாங்களும் ஒண்ணு பண்ணிப் பாத்தோம், ஞாயிறு மத்தியானத்துக்குள்ள ஸ்டேஷன்லேர்ந்து ஒரு வண்டிய வாசலுக்கு கொண்டு வந்தா கேன்டீன்ல ரெண்டு பரோட்டாவும் டீயும். வாரம் பூரா காத்திருந்து தேக்கா போனவன் பரோட்டாவுக்காக மத்தியானம் திரும்பி வருவானா? வாங்கினவங்க எல்லாரும் சனிக்கிழமை ராத்திரி ஓடி பாத்துட்டு ஞாயிறு காலையில எப்படியும் ரூமுக்கு வரவேண்டியவங்க. அவங்களுக்கு சந்தோஷம், வாசல்ல வண்டி கணக்குல பெருசா மாத்தம் இல்ல. மூணு வாரத்துல நிறுத்திட்டோம்.

அதுக்கு பதிலா எட்டு மணிலேர்ந்து பத்தரை வரைக்கும் கம்பெனி வேன் ஒண்ண வாசலுக்கும் ஸ்டேஷனுக்கும் ஓட விட்டோம். சைக்கிள் திட்டத்துக்குள்ள வேன் ஓட்டறதான்னு ஒரு கேள்வி வந்துச்சு. வந்தா என்ன, ஆள் போய் சேரணும்.

ஸ்கூட்டர் கேட்டவங்க

பாதி பேர் ஆரம்பத்துலேர்ந்தே கேட்டது சைக்கிள இல்ல, மின் ஸ்கூட்டர. நாள் பூரா வெயில்ல வேலை பாத்துட்டு வந்து திரும்ப மிதிக்கணுமான்னு. நியாயமான கேள்வி. ஆனா சிங்கப்பூர்ல 2019 நவம்பர் 5 லேர்ந்து நடைபாதைல மின் ஸ்கூட்டர் ஓட்டக்கூடாது, மீறினா 2,000 வெள்ளி வரைக்கும் அபராதம், மூணு மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேந்தும் வரலாம். ஷேர் ஸ்கூட்டர் நடத்த லைசென்ஸ் கேட்ட கம்பெனிங்களையும் ஆணையம் திருப்பி அனுப்பிடுச்சு. அதனால எங்களால செய்யறதுக்கு ஒண்ணும் இல்ல, எங்கயாவது செகண்ட் ஹேண்ட்ல வாங்கி ஓட்டாதீங்கன்னு சொல்றத தவிர.

இதப் பேசறப்ப ஒருத்தர் தன் தம்பியப் பத்தி சொன்னார். பெங்களூர்ல இருக்கான், ஷேர் மின் ஸ்கூட்டர வார வாடகைக்கு எடுத்து சாப்பாடு டெலிவரி பண்றான். அங்க 250 வாட்டுக்குள்ள, 25 கிலோமீட்டர் வேகத்துக்குள்ள இருக்கற வண்டிக்கு லைசென்ஸும் வேணாம் ரெஜிஸ்ட்ரேஷனும் வேணாம். வண்டி வாங்க முன்பணம் இல்லாத, லைசென்ஸ் எடுக்காத பையனுக்கு அது நேரா பொழப்பு. அவனுக்கு பேட்டரி மாத்தற இடம் பக்கத்துல இருக்கணும், அதுதான் கவலை, வாடகை இருவது ரூபா கூடினா முணுமுணுப்பான், ஆனா விட மாட்டான். பேட்டரி இல்லாம ஒரு ராத்திரி ஆர்டர் போச்சுன்னா விட்டுடுவான். அண்ணன் துவாஸ்ல நாலரை மணி வண்டிக்கு அலையறதும் தம்பி அங்க பேட்டரிக்கு அலையறதும் எனக்கு ஒரே கதையாத்தான் பட்டுது.

கம்பெனி பாஸ் நின்னப்புறம்

மூணு மாசம் முடிஞ்சு கம்பெனி காசு நின்னுச்சு. உண்மையான பதில் அப்பதான் கிடைச்சுது.

கடைக்கும் கண்ணிக்கும் சும்மா எடுத்தவங்க உடனே விட்டாங்க. அதுல குறை சொல்ல ஒண்ணும் இல்ல, ஓசின்னதால ஓட்டினாங்க. நைட் ஷிஃப்ட்காரர் மறுநாளே தன் காசுல பாஸ் போட்டார், பத்து வெள்ளி சொச்சம், யோசிக்கவே இல்ல. விடிகாலைக்காரங்க பாதிக்கு மேல தொடர்ந்தாங்க. எலக்ட்ரீஷியன் பையன் தொடர்ந்தான், கல்யாணத்துக்கு ஊருக்குப் போற வரைக்கும்.

மூத்த ரிக்கர் கடைசி வரைக்கும் ஆப் இறக்கல. அவருக்கு அவநம்பிக்கை மட்டும் காரணம் இல்லன்னு எங்களுக்கு பின்னாடிதான் புரிஞ்சுது. ரூமுக்கு சாமான் வாங்கறது அவர் பொறுப்பு, பத்து கிலோ அரிசி, எண்ணெய், வெங்காயம். ஷேர் சைக்கிள் முன் கூடைல அதெல்லாம் நிக்காது, பின்னாடி கேரியரும் இல்ல. டேக் வாங்கி முறைப்படி பதிஞ்ச ஒரு பழைய கேரியர் வண்டியத்தான் வச்சிருந்தார், அவர் கணக்குப்படி அதுதான் சரி, எங்க கணக்குப்படியும்.

ராத்திரி ரோட்டோரம் நடக்கறவங்க கொறஞ்சாங்களான்னு கேட்டா, கொறஞ்சாங்க, கேட் நோட்டப் பாத்தாலே தெரியும். ஆனா அது சைக்கிளால மட்டும்னு சொல்ல முடியாது, அந்த நேரத்துல ரெண்டு சைட் முடிஞ்சு ஓடியும் கொறஞ்சிருந்துச்சு.

அடுத்த தடவ செய்யறதா இருந்தா

பாஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வாரம் விடிகாலையில வாசல்ல எத்தன வண்டி நிக்குதுன்னு எண்ணுவோம். வண்டி நிக்காத எடத்துல பாஸ் கொடுக்கறது தண்ணி வராத பைப்புக்கு குடம் வாங்கிக் கொடுக்கற கதை. சைக்கிள் கம்பெனிகிட்ட பேச்சு முதல்ல, போஸ்டர் அப்புறம்.

பாஸ முழுசா இலவசமாக் கொடுக்காம முதல் மாசத்துலேர்ந்தே பாதி அவங்க, பாதி நாங்கன்னு வைப்போம். ஆள் கொறைவா சேருவாங்க, பரவால்ல, யாருக்கு நிஜமா வேணும்னு மூணு மாசம் காத்திருக்காம தெரியும்.

கிச்சன்ல கூட்டமா நிக்க வச்சு ஏன் எடுக்கறீங்கன்னு கேக்க மாட்டோம். கூட்டத்துல எல்லாரும் காசுன்னுதான் சொல்வாங்க, அதுதான் சொல்றதுக்கு கௌரவமான காரணம். தனியா இருக்கணும், லாரிக்கு காத்திருக்க முடியல, சூப்பர்வைசர் மூஞ்சில முழிக்காம வரணும், இதெல்லாம் கூட நடந்து போகறப்ப ஒருத்தருக்கொருத்தரா பேசினாதான் வரும். அதவிட வண்டி எங்க கிடக்குன்னு பாக்கறது நல்லது.

அபராதம் விழுந்தா முதல் தடவ கம்பெனி கட்டும்னு ஆரம்பத்துலயே தமிழ்லயும் பெங்காலிலயும் எழுதி ஒட்டுவோம், ஒர்க் பெர்மிட்டுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லங்கறதையும் அதுலயே சேத்து. சாமான் வாங்கறவங்களுக்கு ஷேர் சைக்கிள திணிக்க மாட்டோம், அவங்களுக்கு டேக் வாங்கறதுக்கும் பிரேக், லைட் மாத்தறதுக்கும் கொஞ்சம் காசு ஒதுக்கிட்டாப் போதும். ஞாயிறு வேன் மொத நாள்லேர்ந்தே ஓடும்.